முன்னால் ஓடிய முதுகு

ஓஹையோ
பிப்ரவரி 4, 2024

சாம்பவிக்கு,

இருபத்தேழு வருஷம் கழித்து எழுதும் கடிதத்தை நலம் விசாரித்துத் தொடங்கினால் பொய்யாக இருக்கும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் மொன்றியலை ஒட்டிய புரோசார்டில் அப்பாவின் வீட்டைக் காலி செய்யப் போயிருந்தேன். பேஸ்மென்ட்டில் ஒரு ஷூ பெட்டிக்குள் துணியில் அச்சடித்த எண் கிடைத்தது. 41. நான்கு மூலையிலும் ஊக்குகள் துருப்பிடித்து ஒட்டியிருந்தன. 1997 ஜூன், ஜூனியர் பெண்கள் எண்ணூறு மீட்டர், இறுதி ஓட்டம். உன் எண் 40. கடைசி இருநூறு மீட்டர் முழுக்க உன் முதுகில் அதைத்தான் பார்த்துக்கொண்டு ஓடினேன்.

உன் முகவரியைப் பார்க் எக்ஸ்டென்ஷன் கோயிலில் ஒருவரிடம் கேட்டேன். அவர் நான்கு பேரைக் கேட்டார். ஐந்தாவது ஆள்தான் நீ இல்-பிசாரில் இருப்பதாகச் சொன்னார். "பஸ்ஸும் ஒழுங்கா போகாத தீவு, ஏன் அங்க போய் இருக்கினமோ" என்றும் வருத்தப்பட்டார்.

நான் இங்கே ஒரு பழைய பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறேன். நூறு வருஷத்துக்கு முன்னால் இங்கே படித்தவர்களின் கடிதங்களைப் பிரித்துப் பெட்டியில் அடுக்குவது வேலை. ஜூலையில் ஒரு கண்காட்சி: அந்தக் கால மாணவர்களும் அவர்கள் விளையாட்டும். முதலாண்டுப் பையன்கள் பச்சைத் தொப்பி போட்டுத்தான் வெளியே வர வேண்டும், தொப்பியில்லாமல் சிக்கினால் மூத்தவர்கள் தூக்கிக் குளத்தில் போடுவார்கள். ஓட்டக்காரர்களுக்குத் தனிச் சாப்பாட்டு மேஜை. அதில் இனிப்பு கிடையாது, வேகவைத்த உலர்பழம் மட்டும். ஒருவன் அம்மாவுக்கு எழுதுகிறான்: "இந்தப் பழத்தை ஜெயிப்பதற்காகத் தின்கிறேனா, தின்பதற்காக ஜெயிக்கிறேனா என்று தெரியவில்லை." ஜெயித்தால் மணிக்கூண்டு மணியை மாறி மாறி விடியும்வரை அடிப்பார்களாம்.

அதில் ஒரு பெட்டி என்னைப் பாடாய்ப்படுத்துகிறது. 1909இல் ஒரு மைல் ஓட்டத்தில் முதலில் வந்தவன் எல்மர். வெற்றியாளர் பலகையில் அவன் பெயரை எழுதி, பிறகு அதன்மேல் வண்ணம் பூசி மறைத்திருக்கிறார்கள். அவனைப் பற்றி அறுபது வார்த்தையில் ஒரு குறிப்பு எழுத வேண்டும். எழுத உட்கார்ந்தால் உன் ஞாபகம் வருகிறது.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். நீ ஜெயித்தாய். தேசியப் போட்டிக்கு நீ தேர்வானாய். அங்கே அமெரிக்கப் பல்கலைக்கழகப் பயிற்சியாளர்கள் வந்து, உதவித்தொகை தந்து அழைத்துப்போக ஆள் பார்ப்பார்கள் என்று நம் இரண்டு பேருக்குமே தெரியும். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் காலில் சுளுக்கு என்றாய். இரண்டாவதாக வந்த என்னை உனக்குப் பதிலாக அனுப்பக்கூட நேரமில்லை. மூன்றாம் நாள் பார்க் மெட்ரோ நிலையத்தில் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினாய். நான் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன்.

ஏன்?

அம்ருதா


மொன்றியல், இல்-பிசார்
பெப்ரவரி 25, 2024

அம்ருதா,

உன் கடிதத்தை மூன்று நாள் காரின் கையுறைப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். வீட்டுக்குள் கொண்டுபோக மனம் வரவில்லை.

நான் நலம். ஒரு பள்ளிக்கூடத்தின் பதிவு அலுவலகத்தில் வேலை. சேர வரும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களைச் சரிபார்ப்பேன். கணவர் டனிஸ்ரன் பேருந்து ஓட்டுகிறார். ஒரே மகள், தாட்சாயினி. டிசம்பரில் அவளுக்குப் பத்தொன்பது முடியும்.

அவளும் எண்ணூறு மீட்டர்தான் ஓடுகிறாள். நான் தூண்டியதில்லை, தடுத்துப் பார்த்திருக்கிறேன். நம்முடைய அதே கழகம், அதே கிளோட்-ரொபியார் மைதானம். அங்கே பலகையில் ஜூனியர் சாதனையாக இன்னும் என் பெயர்தான் நிற்கிறது: இரண்டு நிமிடம் எட்டு புள்ளி ஒன்பது. தாட்சாவின் சிறந்த நேரம் இரண்டு நிமிடம் ஒன்பது புள்ளி மூன்று. ஜூனியராக இதுவே அவளுக்குக் கடைசி ஆண்டு. ஜூன் பதினாறு கடைசிப் போட்டி.

கடந்த கோடையிலிருந்து அவளுடைய கீழ்க்கால் எலும்பில் வலி. எலும்பு வெடிப்பதற்கு முந்திய நிலை, ஆறு வாரம் ஓடக்கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். இவள் கேட்கிறாள் இல்லை. "உங்கட நேரத்தை முறிச்சிட்டுப் படுக்கிறன் அம்மா" என்கிறாள். பயிற்சி முடியும்வரை நான் காருக்குள் இருந்து அவள் நொண்டுகிறாளா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். நொண்டாமல் நடக்க அவள் எடுக்கும் பிரயத்தனம் எனக்குத் தெரியும்.

நீ கேட்டதற்குப் பதில் இது இல்லை என்று எனக்கு விளங்குகிறது.

அந்த எல்மர் என்ன செய்தான்? ஏன் பெயரை மறைத்தார்கள்? அதை எழுது.

சாம்பவி


ஓஹையோ
மார்ச் 17, 2024

சாம்பவி,

கேள்வியைக் கேள்வியால் தாண்டுகிறாய். அப்போதும் இப்படித்தான். வளைவில் யாராவது ஒட்டி வந்தால் உள்பக்கம் விடமாட்டாய், வெளியே தள்ளுவாய். இருந்தாலும் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் ஓட்டக்காரன் ஒவ்வொருவனும் ஒரு சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும்: நான் பணத்துக்காக ஒருபோதும் ஓடியதில்லை. பணம் வாங்கி ஒருமுறை ஓடியவன் மாணவர் போட்டியில் ஓடவே கூடாது. எல்மர் விவசாயி வீட்டுப் பிள்ளை. கோடையில் ஊர்ச் சந்தைகளில் பரிசுப் பணத்துக்கு ஓடியிருக்கிறான், வேறு பெயரில். இங்கே வந்து சீட்டில் கையெழுத்தும் போட்டான். அறைத்தோழன் காட்டிக்கொடுத்தான். குழு கூடியது, கோப்பையைப் பிடுங்கியது, பெயரை மறைத்தது. எல்மர் அந்த வாரமே பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். பெட்டி சுமக்கக்கூட யாரும் வரவில்லை என்று அறைத்தோழனே எழுதியிருக்கிறான். குற்ற உணர்ச்சியில் எழுதினானா, பெருமையிலா, கண்டுபிடிக்க முடியவில்லை.

கோப்பையை இரண்டாவதாக வந்த ஹார்லன் என்பவனுக்கு அனுப்பினார்கள். அவன் அதைத் திருப்பி அனுப்பிவிட்டான். கூடவே ஒரு கடிதமும் வந்ததாகக் குறிப்பு இருக்கிறது, கடிதம் இன்னும் கிடைக்கவில்லை. வீம்பு என்றுதான் நினைக்கிறேன். கோப்பை இரண்டு பேர் வீட்டுக்கும் போகாமல் இங்கே அலமாரியில் கறுத்துப்போய்க் கிடக்கிறது.

என்னைக் கேட்டால் குழு செய்தது சரி. அவன் தெரிந்தே கையெழுத்துப் போட்டான். ஏழை, பாவம் என்றெல்லாம் இங்கே கூட வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். பின்னால் ஓடினவனும் மனிதன்தானே? அவனுக்கு ஒரே ஒரு வசந்தகாலம்தான் அந்தக் கால்கள் இருந்தன. அதை யார் திருப்பித் தருவார்கள்? "ஏமாற்றினான்" என்ற வார்த்தையைக் குறிப்பில் போடப்போகிறேன்.

நான் இந்த நாட்டுக்குக் கால்களால் வந்திருக்க வேண்டியவள். ஆறு வருஷம் தாமதமாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, புத்தகங்களால் வந்தேன். குறை சொல்லவில்லை. இல்லை, குறைதான் சொல்கிறேன்.

உன் மகளை ஓட விடாதே. எலும்பு என்றால் விளையாட்டில்லை.

அம்ருதா


மொன்றியல்
ஏப்ரல் 7, 2024

அம்ருதா,

இதைப் படித்தவுடன் கிழித்துவிடு. தொலைபேசியிலோ கணினியிலோ இதைப் பற்றி ஒருபோதும் எனக்கு எழுதாதே. டனிஸ்ரனுக்கே தெரியாது.

நான் பிறந்தது 1976இல். கடதாசியில் இருக்கிற 1978இல் இல்லை. அந்த ஓட்டத்தின்போது எனக்கு இருபத்தொரு வயது. இருபது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கான ஜூனியரில் நிற்க உரிமையே இருக்கவில்லை.

அப்பா மொன்றியலுக்கு முதலில் வந்து, பேந்து எங்களைக் கூப்பிட விண்ணப்பம் போட்டார். எனக்கு அப்போது பத்தொன்பது. பத்தொன்பது ஆன பிள்ளையைக் குடும்பத்தோடு எடுக்கமாட்டார்கள் என்று ஜான்-டலோன் சந்தையில் அவரோடு மரக்கறிப் பெட்டி இறக்கிய ஒருவர் சொல்லியிருக்கிறார். அப்பா பயந்துபோய் இரண்டு வயதைக் குறைத்து ஊரில் ஒரு சான்றிதழ் எடுப்பித்தார். கொழும்பில் நேர்முகத்துக்குப் போகும்போது அம்மா வழி முழுக்க என்னிடம் ஆண்டைக் கேட்டுக்கொண்டே வந்தா. "எந்த வருஷம்?" "எழுபத்தெட்டு." "யோசிக்காமல் சொல்லு." இங்கே வந்து இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது, படித்துக்கொண்டிருக்கிற பிள்ளை என்றால் அந்த வயதுக்கு மேலும் எடுப்பார்களாம். நான் அப்போது படித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு பொய்யும் தேவைப்படவில்லை. 

கழகத்தில் சேரும்போது பயிற்சியாளர் படிவத்தைத் தந்தார். எல்லா இடத்திலும் எழுதுகிற ஆண்டையே எழுதினேன். ஓடுவதற்கு வயது ஒரு பொருட்டு என்றே எனக்குத் தோன்றவில்லை, உண்மையாக. இறுதி ஓட்டத்துக்கு ஏழு நாள் இருக்கும்போது, அந்தக் கடைசிக் கிழமைதான் விளங்கியது. விளங்கிய பிறகும் ஓடினேன். அதுதான் என் குற்றம். அப்பா செய்ததை நான் சுமக்கலாம். அந்த ஒரு கிழமை என்னுடையது.

தேசியப் போட்டிக்கு மூலச் சான்றிதழ் கொண்டுவரச் சொன்னார்கள். அமெரிக்கா போவதென்றால் இன்னும் கிண்டுவார்கள். நான் அகப்பட்டால் அம்மா, அப்பா, தம்பி எல்லோரையும் திருப்பி அனுப்புவார்கள் என்று நினைத்தேன். கடைசி நாள்வரை ஏதாவது வழி வரும் என்று பார்த்திருந்துவிட்டுச் சுளுக்கு என்றேன். உனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால் நீ போயிருப்பாய். சொன்னால் ஏன் என்று கேட்பாய் என்ற பயம்.

எத்தனை வருடம் போனாலும் பொய் சொல்லி வந்தவரின் குடியுரிமையைப் பறிக்கலாம் என்று யாரோ சொல்லக் கேள்வி. சரியோ பிழையோ தெரியாது. விசாரிக்கவே பயம்.

என் மகள் துரத்துவது ஒரு இருபத்தொரு வயதுக்காரியை. அவளுக்கு அது தெரியாது. எலும்பு வெடிக்க ஓடுகிறாள். நான் காருக்குள் இருந்து பார்க்கிறேன்.

"ஏமாற்றினான்" என்று எழுதுவது உன் உரிமை. எழுது.

சாம்பவி


ஓஹையோ
ஏப்ரல் 20, 2024

சாம்பவி,

அப்படியானால் அன்று முதலில் வந்தது நான்.

இந்த ஒரு வரியை எழுதிவிட்டு எட்டு நாள் அடுத்த வரி வரவில்லை. திட்டலாம் என்று பார்த்தால் உன் அம்மா கொழும்பில் உன்னைக் கேட்டுக்கொண்டே வருவது காதில் விழுகிறது. மன்னிக்கலாம் என்று பார்த்தால் மெட்ரோ படிகள் கண்ணில் வருகின்றன. அன்றே என்னிடம் நம்பிச் சொல்லியிருக்கலாம். நான் சொல்லியிருக்கமாட்டேன், யாரிடமும். ஒருவேளை சொல்லியிருப்பேனோ. தெரியவில்லை, அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

கிழிக்கச் சொன்னாய். காகிதம் கிழிப்பது என் தொழிலுக்கு ஆகாது. வைத்துக்கொள்ளவும் முடியாது, நான் வைத்துக்கொண்டால் அது ஆவணம். அதனால் உன் கடிதத்தை இத்துடன் உனக்கே திருப்பி அனுப்புகிறேன்.

எனக்கு எழுத வேண்டியதை எழுதிவிட்டாய். தப்பான முகவரிக்கு எழுதியிருக்கிறாய். எலும்பு என்னுடையது இல்லை, உன் மகளுடையது.

அம்ருதா


மொன்றியல்
மே 26, 2024

அம்ருதா,

நீ திருப்பி அனுப்பிய கடிதம் நான்கு கிழமை கைப்பையில் கிடந்தது. ஒவ்வொரு நாளும் அடுப்பில் போடப் போவேன், திரும்பக் கைப்பையில் வைப்பேன். அலுவலகத்தில் ஒரு தாய் மகனின் பிறப்புச் சான்றிதழை நீட்டிவிட்டு அதன் மூலையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தா. நான் அதைப் பார்க்காமலே முத்திரை குத்திவிட்டேன். பேந்து வீட்டுக்கு வந்து அதற்காகவும் பயந்தேன்.

போன சனிக்கிழமை பயிற்சி முடிந்து தாட்சா காருக்குள் ஏறினாள். இடது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்தாள். நான் காணவில்லை என்று நினைத்தாள். வீட்டுக்குத் திரும்பாமல் லவால் போகிற படகுத் துறைக்கு ஓட்டினேன். கோடைக்கு இப்போதுதான் படகு விடத் தொடங்கியிருக்கிறார்கள். மூன்று நான்கு கார்கள் வரிசையில் நின்றன.

"எங்க போறம்?"

"ஒரு இடமும் இல்லை. இதைக் கேள்."

அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். அதனால் நானே வாசித்தேன், உனக்கு எழுதியதை, முதல் வரியிலிருந்து. சொல்வதென்றால் சுருக்கியிருப்பேன், பழியை அப்பாவில் போட்டிருப்பேன். வாசிக்கும்போது அது முடியவில்லை. "அந்த ஒரு கிழமை என்னுடையது" என்ற வரியை இரண்டு தடவை வாசித்தேன். பின்னால் நின்றவர் ஹோர்ன் அடித்தார். நான் காரை ஒதுக்கி விட்டுவிட்டு மிச்சத்தையும் வாசித்தேன்.

அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப உங்களுக்கு இருபத்தொண்டு."

"ஓம்."

"நான் ரெண்டு வருஷமா ஒரு பெரிய பொம்பிளையத் துரத்திக்கொண்டு அழுதிருக்கிறன்."

"ஓம்."

பிரெஞ்சில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். கண்டிக்கும் தகுதி அன்றைக்கு எனக்கு இருக்கவில்லை. கதவைத் திறந்து இறங்கித் துறையின் விளிம்புவரை நடந்தாள். நொண்டித்தான் நடந்தாள். முதல் தடவையாக மறைக்காமல் நொண்டினாள். படகு ஒரு முறை போய் வந்தது. பிறகு வந்து யன்னலில் குனிந்து கேட்டாள்:

"அந்த அம்ருதா அன்ரியின்ர நேரம் எவ்வளவு?"

"ரெண்டு ஒன்பது ஆறு."

"அப்ப உண்மையான ரெக்கோட் அவவின்ரதான். நான் அதைப் போன ஜூலையிலயே முறிச்சிட்டன். ஆராவது அவவுக்குச் சொன்னவையே?"

சிரிக்கிறாள் என்று நினைத்து நானும் சிரிக்கப் போனேன். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

அதிலிருந்து என்னோடு கதைக்கிறாள் இல்லை. கொலிஜுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம் என்றுவிட்டாள். இந்தத் தீவில் பேருந்துக்கு எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று உனக்குத் தெரியாது. ஆனால் பயிற்சிக்கும் போகவில்லை. செவ்வாய்க்கிழமை வைத்தியரிடம் தானே நேரம் எடுத்திருக்கிறாள். அதை டனிஸ்ரன் சொல்லித்தான் தெரியும். அவருக்கும் சொல்லிவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், "அப்ப நீர் என்னைவிட மூப்பே" என்றுவிட்டுச் சோற்றைப் பார்த்தார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அது நல்லதா கெட்டதா என்று இன்னும் பிடிபடவில்லை.

பலகையில் என் பெயர் இருக்கிறது. அதைக் கழகத்துக்கு எழுதி நீக்கச் சொல்லலாம். காரணம் கேட்பார்கள். தாட்சா முறிக்கும்வரை அது உன் இடம். நீ சொல்கிறபடி செய்கிறேன், பயந்துகொண்டாவது.

சாம்பவி


ஓஹையோ
ஜூன் 3, 2024

சாம்பவி,

உன் மகளிடம் சொல்: எனக்கு யாரும் சொல்லவில்லை, இப்போதுதான் தெரியும், வயிற்றெரிச்சலோடு வாழ்த்துகிறேன்.

ஹார்லனின் கடிதம் கிடைத்துவிட்டது. வேறு பெட்டியில், தேர்வு முடிவுகளுக்கு நடுவில் யாரோ தப்பாகச் சொருகியிருந்தார்கள். எட்டே வரி. நான் வீம்பு என்று நினைத்தேன். அவன் எழுதியிருப்பது இது: "கோப்பையைத் திருப்பி அனுப்புகிறேன். என் முன்னால் ஒருவன் ஓடினான். நான்கு சுற்றும் அவன் முதுகைப் பார்த்தேன். அவன் ஓடவே இல்லை என்று குழு சொல்கிறது. அப்படியானால் நான் யாரைத் துரத்திக்கொண்டு இவ்வளவு வேகமாக வந்தேன் என்று குழு எனக்கு எழுதித் தெரிவிக்கட்டும்."

நம் இறுதி ஓட்டத்துக்கு முன்னால் என் சிறந்த நேரம் இரண்டு பன்னிரண்டு. அதற்குப் பிறகும் இரண்டு பதினொன்றுக்குக் கீழே நான் வந்ததே இல்லை. ஒரே ஒரு தடவைதான் இரண்டு ஒன்பது புள்ளி ஆறு. முன்னால் 40 என்று ஒரு எண் இருந்தது.

அதற்காக நீ செய்தது சரியென்று ஆகிவிடாது. தேசியப் போட்டிக்குப் போகாத கோபம் எனக்குப் போகவில்லை, போகும் என்று வாக்கும் தரமாட்டேன். பலகையைத் தொடாதே. உன் குடும்பத்தைப் பணயம் வைத்து எனக்கு ஒரு வரி பெயிண்ட் வேண்டாம். அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் உனக்குக் கொஞ்சம் உறுத்தட்டும், அது போதும்.

குறிப்பில் "ஏமாற்றினான்" இருக்கிறது. எடுக்கவில்லை. அடுத்த வரியில் ஹார்லனின் கேள்வியையும் போட்டேன். எழுபத்தோரு வார்த்தை ஆகிவிட்டது. மேலதிகாரி குறைக்கச் சொல்கிறாள், மாட்டேன் என்றேன்.

பதினாறாம் தேதி நான் அங்கே வருகிறேன். ஓட்டம் பார்க்க.

ஒரு விஷயம். பிறந்த வருஷத்தை எழுதினாய், நாளை எழுதவில்லை. நாம் கல்லூரியில் உனக்கு நவம்பரில் கேக் வெட்டினோம். அதுவும் கடதாசி நாள்தானா?

அம்ருதா


மொன்றியல்
ஜூன் 9, 2024

அம்ருதா,

வா. ஆனால் ஓட்டம் பார்க்க முடியாது. தாட்சா பெயரை எடுத்துவிட்டாள். காலில் முழங்கால் வரைக்கும் சப்பாத்து மாதிரி ஒன்று போட்டிருக்கிறார்கள். எலும்பு வெடிக்கவில்லை, இன்னும் பத்து நாள் ஓடியிருந்தால் வெடித்திருக்குமாம். வைத்தியர் அதைச் சொன்னபோது அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இங்கே எழுத எனக்குத் தெரியவில்லை.

நேற்று அவளாகவே காருக்குள் ஏறினாள். பாதி வழியில், "உங்கட நேரம் அங்கேயே இருக்கட்டும். எனக்கு இருபத்தொண்டு வரேக்க வாறன், அப்ப பாப்பம்" என்றாள். இன்னும் கோபம்தான். ஆனால் "அந்த அன்ரி எங்க தங்கப்போறா?" என்றும் கேட்டாள். எங்கள் வீட்டில் என்று சொல்லிவிட்டேன். மறுத்தால் அவளுக்கு நீயே சொல்லிக்கொள்.

பதினாறாம் தேதி மூன்று பேரும் படிக்கட்டில் இருந்து வேறு பிள்ளைகள் ஓடுவதைப் பார்ப்போம். பலகை நேரே தெரிகிற இடத்தில் இருக்க மாட்டேன் என்று நினைத்திருந்தேன். நீ வருகிறாய் என்றால் அங்கேயே இருக்கலாம்.

ஓம், நவம்பர் கடதாசி நாள்தான். அன்று நீ வாங்கி வந்த கேக்கை நான் முழுதாகச் சாப்பிடவில்லை, உனக்கு ஞாபகம் இருக்குமோ தெரியாது.

1976, மார்ச் 11. இதுவரை என் கையால் இதை எங்கும் எழுதியதில்லை. இந்தக் கடிதத்தைத் திருப்பி அனுப்பாதே.

சாம்பவி